ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு தம்பி டான்சானியாவின் டார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அவருடைய முதலாளி வருடந்தோறும் தெற்கே காட்டுக்குப் போய் எருமை சுடுகிறவர். இந்த முறை தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறார், ஆசைப்பட்டால் ஒன்றை நீயே சுடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். தம்பி கேட்டிருப்பது நான்கு விஷயம். இதில் எவ்வளவு ஆபத்து? வெள்ளிக்கிழமைதோறும் கறி எடுக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இது மட்டும் எப்படித் தப்பாகும்? அந்தக் கறி நமக்கு ஆகுமா? கொம்பை ஊருக்குக் கொண்டு வரலாமா? கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தபோது, நாலுக்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று இருப்பது தெரிந்தது. பயமாக இருக்கிறது, ஆனால் முதலாளியிடம் மாட்டேன் என்று சொன்னால் கோழை என்று நினைப்பாரோ என்பதுதான் அது. அதையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் தேவிபட்டினத்துக்காரன். டான்சானியாவில் வேட்டைக்கு ஆள் அழைத்துப் போகும் ஒரு நிறுவனத்தில் முகாம் மேலாளராகப் பல வருடம் இருந்தேன். அரிசி, டீசல், கூடாரம், சம்பளப் பட்டியல், உரிமத் தாள்கள் என் பொறுப்பு. காட்டுக்குள் நடந்தும் போயிருக்கிறேன், எருமை வேட்டையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அடிபட்ட எருமையைத் தேடிப் போன ஆட்களுக்காக முகாமில் காத்துமிருக்கிறேன். சிங்க வேட்டைக்கும் சிறுத்தை வேட்டைக்கும் நான் கூடப் போனதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வது அந்தத் தொழிலில் இருந்தவர்களிடம் கேட்டதும் படித்ததும்தான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆபத்து. ஆப்பிரிக்கக் காட்டெருமை சும்மா நிற்கிறவனைத் தேடி வந்து குத்தும் பிராணி இல்லை. கூட்டமாக இருந்தால் மனித வாடை பட்டதும் தலையை உயர்த்திப் பார்க்கும், திரும்பும், ஓடும். புதருக்குள் தனியாகப் படுத்திருக்கும் கிழட்டுக் கடாவின் மேல் தெரியாமல் போய் இடித்துக்கொண்டால் அது வேறு. விறகுக்கும் தேனுக்கும் போகும் கிராமத்துக்காரர்கள் அப்படித்தான் மாட்டுகிறார்கள். துப்பாக்கியோடு போகிறவர்களுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அவர்களே உண்டாக்குவது. முதல் தோட்டா தப்பான இடத்தில் பட்ட நொடியில் அது தொடங்குகிறது. 700 கிலோ எடையுள்ள கடா, வயிற்றில் குண்டு வாங்கிக்கொண்டு, தான் ஓட வேண்டிய திசையை விட்டு அடர்ந்த புதருக்குள் நுழையும். கொஞ்ச தூரம் போய், வந்த தடத்துக்குப் பக்கவாட்டில் நின்று, பின்னால் வருகிறவர்களைப் பார்த்தபடி இருக்கும். அங்கிருந்து கிளம்பினால் பத்துப் பதினைந்து மீட்டர்தான். தலையைச் சற்று உயர்த்தி மூக்கை முன்னே நீட்டி வரும். நெற்றியில் கொம்பின் அடிப்பாகம் இரண்டும் சேர்ந்து கெட்டிப்பட்ட கவசம். அந்தத் தூரத்தில் அதற்குக் கீழே, மூளை இருக்கும் சிறு இடத்தில் குண்டு பட்டால்தான் விழும்.

அதனால்தான் பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளில் இந்த வகை விலங்குகளுக்குத் துப்பாக்கியின் குறைந்தபட்ச அளவு சட்டமாகவே இருக்கிறது. பொதுவாக .375 என்பார்கள், குழலின் விட்டம் அங்குலத்தில். 1912-இல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம்தான் இன்றைக்கும் முகாம்களில் அதிகம் பார்க்கிற ரைஃபிள். 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று அதிகமான குண்டு, நொடிக்குச் சுமார் 760 மீட்டர் வேகம். உங்கள் தோளில் அது கொடுக்கும் உதை சின்னதில்லை. புதிதாகப் பிடிக்கிறவர் இரண்டு முறை சுட்டதும் மூன்றாவது முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடித் தோளைப் பின்னால் இழுப்பார். அது அவருக்கே தெரியாது, பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். இதைச் சரிசெய்ய ஒரு காலைப் பொழுது போதாது. குறைந்த உதையுள்ள துப்பாக்கியில் பல வாரம் பழகி, மூன்று கால் கம்பின் மேல் துப்பாக்கியை வைத்து நின்றபடியே சுட்டு, அப்புறம்தான் பெரியதைத் தொட வேண்டும். மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டு நடுப்புள்ளியில் அடித்தேன் என்பதெல்லாம் காட்டில் செல்லாது. உங்கள் முதலாளி ஊருக்கு வெளியே எங்காவது பத்துத் தோட்டா சுடவைத்து, நீ தயார் என்று சொன்னால், நீங்கள் தயாரில்லை.

எருமைக்கு இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. தோளுக்கு மேலே திமில் போலத் தூக்கி நிற்பதால் பார்ப்பவருக்கு உடம்பின் நடு உயரத்தைக் குறிவைக்கத் தோன்றும், குண்டு மேலே போய்விடும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டைப் பிடித்து, கீழிருந்து உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைக்கச் சொல்வார்கள். அதுவும் பின்னால் வேறு எருமை இல்லாதபோது மட்டும். ஊடுருவிப் போன குண்டு பின்னால் நின்ற பசுவைக் காயப்படுத்தினால் பிரச்சினை இரண்டாகிவிடும். பெரும்பாலும் சுடும் தூரம் ஐம்பது, அறுபது மீட்டர். அந்த நெருக்கத்துக்குப் போக வேண்டுமானால் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். தடம் பார்ப்பவர் இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை வைத்திருப்பார், உள்ளே சலித்த அடுப்புச் சாம்பல். நாலு அடிக்கு ஒரு முறை அதைத் தட்டி, சாம்பல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று திரும்பினால் இரண்டு மணி நேரம் தவழ்ந்து வந்ததை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் வேறு இருக்கும். அவை சீறிக்கொண்டு கிளம்பினால் கூட்டம் உடனே உஷாராகிவிடும்.

சுட்ட பிறகு நடப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எருமை விழுந்தாலும் விழாவிட்டாலும், அது கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் தொடர்ந்து சுடச் சொல்வார் கூட வரும் தொழில்முறை வேட்டைக்காரர். பி.எச். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஓடி மறைந்துவிட்டால் எல்லாரும் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு தடம் பார்ப்பவர் எழுந்து போய் ரத்தம் தேடுவார். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மறக்க முடியாது. கையில் ஒரு நீளமான புல்தண்டு. குனிந்து நடப்பார். ஒவ்வொரு சொட்டுக்கும், மடங்கிய ஒவ்வொரு புல்லுக்கும் தண்டின் நுனியை நீட்டிக் காட்டிக்கொண்டே போவார், பேச மாட்டார். இளஞ்சிவப்பில் நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, பக்கத்திலேயே விழுந்திருக்கும் என்று முகம் தெளியும். கருத்த ரத்தத்தில் அரைத்த புல் கலந்திருந்தால் வயிற்றில் பட்டது என்று அர்த்தம். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு பி.எச்.சின் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நடையின் வேகமே மாறிவிடும்.

தரையில் கண் வைத்திருக்கும் மனிதரால் முன்னால் பார்க்க முடியாது. அவர் கையில் பெரும்பாலும் துப்பாக்கியும் இருக்காது. புல்தண்டு, இடுப்பில் ஒரு கத்தி, அவ்வளவுதான். எருமை கிளம்பினால் முதலில் இருப்பது அவர்தான். குண்டை வயிற்றில் போட்ட விருந்தாளியை பி.எச். பின்னால் நிறுத்தியிருப்பார், பல நேரம் வண்டியிலேயே உட்கார வைத்துவிடுவார். காயம்பட்ட விலங்கைத் தேடி முடிப்பது பி.எச்.சின் கடமை, அந்த வேலையை ஏற்கும்போதே அதை ஒப்புக்கொண்டுதான் வருகிறார். தடம் பார்ப்பவரும் சம்பளம் வாங்குகிறார்தான். ஆனால் அந்த நாளின் ஆபத்தை உண்டாக்கியது அவர் இல்லை, அதைச் சுமப்பது அவர்.

கீழக்கரைக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சங்கு குளிக்கப் போனவர் கடலுக்கு அடியில் இருக்கும்போது மேலே கயிறு பிடித்தவரின் கவனத்தில்தான் அவர் உயிர் இருந்தது, சங்கை வாங்கி விற்றவர் கரையில் இருந்தார். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஒருவரை அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மந்திரத்தில் சுறாவின் வாய் கட்டுப்பட்டதா என்பது இருக்கட்டும், அவர் வராமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தார்கள், அதிகாரிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இறங்குகிறவனின் பயத்துக்கு அந்தத் தொழிலில் ஒரு மதிப்பு இருந்தது. வேட்டையைப் பற்றி நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். எருமையைக் கொல்வது சரியா என்பது இரண்டாவது கேள்வி. நான் சரியாகச் சுடாவிட்டால் என் இடத்தில் யார் போய் நிற்பார், அவருக்கு ஏதாவது ஆனால் அவர் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது முதல் கேள்வி.

ஆகவே முதலாளியிடம் சில விஷயங்களை நேராகக் கேளுங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரில் இல்லையென்றால் துப்பாக்கியைத் தொடவே கூடாது. 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று ஆரம்பிக்கும் வேட்டை, சட்டப்படி திருட்டு வேட்டை. வெளிநாட்டுக்காரரான உங்களுக்கு வேலை போவதோடு நிற்காது. எந்த இடம் என்றும் கேளுங்கள். டான்சானியாவின் பழைய செலூஸ் காப்பகத்தின் பெரும் பகுதி 2019-இல் நியெரெரே தேசியப் பூங்காவாகிவிட்டது, அதற்குள் வேட்டைக்கு இடமில்லை. பி.எச். யார், அரசாங்க வேட்டைக் காவலர் கூட வருகிறாரா என்று பாருங்கள். கடைசியாக, ஆள் அடிபட்டால் வெளியே எடுத்துப் போக என்ன ஏற்பாடு? நைரோபியிலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் விமான ஆம்புலன்ஸுக்கு விருந்தாளிகள் பெயரில் பணம் கட்டியிருப்பார்கள். தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், ஓட்டுநர் பெயரிலும் கட்டியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முதலாளி யோசிக்காமல் 'ஆமாம்' என்றால் அது ஒழுங்கான வேட்டையாக இருக்கும் என்று நம்பலாம். சிரித்து மழுப்பினால் என் கருத்தில் போகாதீர்கள், வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள்.

சரி, கொல்வது தப்பா? ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன் எருமை வேட்டையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது பாதி சரி. ஒரு கடா பத்து வருடத்துக்கு மேல் புல்வெளியில் திரிந்து, இளம் கடாக்களால் கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, சேற்றில் புரண்டு தனியாகக் காலம் தள்ளும்போது ஒரே குண்டில் விழுந்தால், பிராய்லர் கோழிக்கு நாம் செய்வதைவிட அது மோசம் என்று என்னால் சொல்ல முடியாது. கறியும் வீணாவதில்லை. முகாமில் உள்ளவர்கள் சாப்பிடுவார்கள், மிஞ்சியது கீற்றுக் கீற்றாக வெட்டி உப்புத் தடவிக் காயப்போடப்படும், கிராமத்துக்குப் போகும். ஆனால் இந்த வாதம் நிற்பது மூன்று நிபந்தனைகளின் மேல்: கடா கிழடாக இருக்க வேண்டும், குண்டு சரியாகப் பட வேண்டும், கறி மனிதரிடம் போய்ச் சேர வேண்டும். நெற்றிக் கவசம் இன்னும் கெட்டிப்படாமல் மென்மையாக, நடுவில் ரோமத்தோடு இருந்தால் அது வாலிபக் கடா, இனப்பெருக்கத்தில் இருப்பது. கொம்பு அகலமாக இருக்கிறது என்று அதைச் சுடுகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஒப்பாது. கொல்வதில் சந்தோஷம் காண்பதையே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். என் மனைவி அப்படி. அவளோடு வாதாடி ஜெயிக்க என்னிடம் வாதம் இல்லை. எங்கள் முகாமுக்கு வந்தவர்களில் சந்தோஷப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், விழுந்த எருமையின் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினர்தான் மறுபடி வரும்போது இன்னும் கவனமாகச் சுட்டார்கள்.

விலங்குக்கு விலங்கு நியாயமும் மாறும். எருமைப் பசு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒரு கன்று போடும். கூட்டத்தை விட்டுப் போன கிழக்கடா போனால் அந்த இனத்துக்கு நஷ்டமில்லை. நம் கடலில் ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் முட்டாத, கடிக்காத, கடல்புல் மேயும் கடல்பசு. ஒரு கன்று சுமக்க 13, 14 மாதம், அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம். நம் தாத்தா காலத்தில் மண்டா என்கிற எறியீட்டியால் குத்தியும் வலையில் மாட்டியதை அறுத்தும் கறியாகத் தின்றார்கள், அதில் பெருமையும் பட்டார்கள். அவ்வளவு மெதுவாகப் பெருகும் பிராணி அதைத் தாங்காது, தாங்கவுமில்லை. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது நம் மீனவர்களே வலையை வெட்டி அதை வெளியே விடுகிறார்கள், வலைக்கு ஆகிற நஷ்டம் பெரிது என்று தெரிந்தும். அந்த மாற்றம் எனக்கு மரியாதையைத் தருகிறது. ஆகவே ஒரு வேட்டை சரியா என்று கேட்கும்போது விலங்கின் வீரத்தையும் வேட்டைக்காரனின் வீரத்தையும் விட, அது எத்தனை வருடத்துக்கு ஒரு குட்டி போடும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சிங்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். குட்டிகள் உள்ள கூட்டத்தின் ஆண் சிங்கத்தைச் சுட்டால், புதிதாக வந்து கூட்டத்தைப் பிடிக்கும் ஆண் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு குண்டு, பல சாவு. அதனால்தான் டான்சானியாவில் ஆறு வயதுக்குக் குறைந்த ஆணைச் சுடக்கூடாது என்று விதி. மூக்கு எவ்வளவு கருத்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். விதி நல்லது. ஆனால் சாயங்கால வெளிச்சத்தில், லட்சக்கணக்கில் பணம் கட்டிய ஆள் பக்கத்தில் அவசரப்படும்போது மூக்கின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது மனிதரை நம்பிய விஷயம். ஜிம்பாப்வேயில் 2015 ஜூலையில் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டிச் சாகடிக்கப்பட்ட செசில் என்ற சிங்கம், ஆராய்ச்சிக்காகக் கழுத்துப் பட்டை போட்டிருந்தது. அம்பு பட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் அதை முடித்தார்கள். உலகமே கொதித்தது சிங்கம் புகழ்பெற்றது என்பதால். என்னைக் கேட்டால் அந்தப் பல மணி நேரம்தான் பெரிய குற்றம். பெயரில்லாத சிங்கத்துக்கும் அதே வலிதான்.

வேட்டைப் பணத்தால்தான் காடு பிழைக்கிறது என்று உங்கள் முதலாளி நிச்சயம் சொல்வார். அதை முழுதாக நம்பவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம். நமீபியாவில் 1996-இல் வந்த சட்டத்தின்படி ஊர்ச் சமூகங்களே நிலத்தைக் காப்பகமாகப் பதிவு செய்து, வேட்டைப் பணத்தையும் கறியையும் நேரடியாகப் பெறுகிறார்கள். அங்கே ஊரார் விலங்கை எதிரியாகப் பார்ப்பது குறைந்தது உண்மை. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. ஆனாலும் அதற்குப் பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. ஆடுமாடும் வேலியும் வயலும் பெருகின. தடை மட்டும் காப்பாற்றவில்லை. இதைச் சொல்கிறவர்கள் செலூஸைச் சொல்ல மாட்டார்கள். அங்கே பெரும்பகுதி வேட்டைத் தொகுதிகள்தான், வேட்டைக் கட்டணமும் வந்துகொண்டிருந்தது. 1970-களில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த யானை, 2013 கணக்கெடுப்பில் சுமார் 13,000. தந்தத் திருடர்களை அந்தப் பணம் தடுக்கவில்லை. நான் பார்த்த வரையில், பணம் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் விலங்கு பிழைத்தது, நகரத்து அலுவலகத்தில் நின்றுபோன இடத்தில் அழிந்தது. இது என் அனுபவத்தில் எழுந்த எண்ணம். இந்தத் துறை ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் பெரிய சண்டை நடக்கிறது.

நம் நாட்டு நிலையும் தெரிந்திருக்கட்டும், ஊருக்கு வந்து துப்பாக்கிக் கதை பேசும்போது குழப்பம் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னும் கொஞ்ச காலம் உரிம வேட்டைக்கு வழி இருந்தது, 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கென்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும், அதுவும் பிடிக்க முடியாது என்று அவருக்குத் திருப்தியானால்தான் கொல்லலாம். 2021-இல் மசினகுடிப் பக்கம் டி23 புலிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. வேட்டை உத்தரவு வந்தது, சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்றது, கடைசியில் அக்டோபரில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். இரண்டு மூன்று வாரம் அந்தக் காட்டில் நடந்த வனத்துறை ஊழியர்களும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் செய்ததைத்தான் நான் துணிச்சல் என்பேன்.

கறி ஆகுமா என்பதற்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. துப்பாக்கிக் குண்டில் செத்ததைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, உங்கள் ஊர் ஆலிமிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையை மட்டும் சொல்கிறேன். டான்சானிய முகாம்களில் வேலை செய்கிறவர்களில் முஸ்லிம்கள் நிறைய. எருமை விழுந்ததும் உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும் என்று ஒருவர் கத்தியோடு ஓடுவார். மொத்த வேட்டையிலும் இந்த அரை நிமிடம் மிக ஆபத்தானது. செத்தது போலக் கிடக்கும் எருமை எழுந்த கதை எல்லா முகாமிலும் உண்டு. நல்ல பி.எச். அவரைத் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவார். பின்பக்கமாகச் சுற்றிப் போய், முதுகெலும்பில் இன்னொரு குண்டு போட்டு, நீளமான கம்பால் திறந்திருக்கும் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாவிட்டால்தான் யாரும் கிட்டப் போகலாம். அப்போது உயிர் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே அறுத்த கறிதான் வேண்டும் என்றால், இந்த விலங்கில் அதை எதிர்பார்த்து யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். முகாமுக்குப் போகும்போதே கொஞ்சம் பருப்பும் கருவாடும் எடுத்துப் போங்கள். உங்கள் தட்டில் அறுத்த கறி விழுவதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கொம்பு விஷயம் சுருக்கமானது, கொண்டு வராதீர்கள். மத்திய அரசின் இறக்குமதி அனுமதியும் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் இல்லாமல் சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியைத் திறந்தால் பறிமுதலோடு வழக்கும் வரும். முதலாளி வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.

இனி அந்த ஐந்தாவது கேள்வி. உங்கள் பயம் சரியான பயம். பயப்படாத ஆளைத்தான் பி.எச்.கள் பின்னால் நிறுத்துவார்கள். போவதானால் இந்த முறை சுடாமல் போங்கள். தடம் பார்ப்பவருக்குப் பின்னால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நடங்கள், பி.எச். கை காட்டினால் அப்படியே நில்லுங்கள். மரம் ஏறத் தெரியுமா என்று கேட்டால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்த பிறகும் சுட வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வருடம் வரை பயிற்சி எடுக்க நேரம் இருக்கிறது. முதலாளியிடம் 'நான் சுடப் பழகவில்லை, என்னால் யாரும் அடிபட வேண்டாம்' என்று சொல்லுங்கள். வேட்டை தெரிந்தவர் என்றால் அந்தப் பதிலை மதிப்பார்.

உடுப்பில் நீலமும் கறுப்பும் வேண்டாம். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும், அதைப் பிடிக்கும் பொறிகளுக்கே நீல, கறுப்புத் துணிதான் கட்டுகிறார்கள். மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள், துணியின் மேலேயே கடிக்கும் என்பதால் கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன கணக்குப்படி, காட்டை விட்டு வந்த பிறகும் தொடருங்கள். லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ பார்க்கும் டாக்டர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார். ஆப்பிரிக்கக் காட்டில் இருந்தேன், ஈ கடித்த இடம் தடித்துப் புண்ணாக இருந்தது என்று நீங்களாகச் சொல்லுங்கள். தூக்க நோய்க்கும் மலேரியாவுக்கும் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் தூக்க நோய் சில வாரங்களிலேயே முற்றிவிடும், தள்ளிப்போடக் கூடாது.